ஒரு மீட்டர் திமிங்கிலம், ஒரு சென்டிமீட்டர் நம்பட்

1

வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? முழங்கால், இடுப்பு, கண்ணு, காது எல்லாம் அததோட வேலையைப் பார்க்குதா? சர்க்கரை ஏறினவங்களுக்கு இறங்கட்டும், தூக்கம் போனவங்களுக்குத் திரும்பி வரட்டும். என்னைக் கேட்டா, நாக்கு ஒண்ணுதான் இன்னும் முழுநேர வேலையில இருக்கு. மத்த உறுப்பெல்லாம் நீண்ட விடுப்பு.

முதல்லயே உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கதை எனக்கு ஞானம் பிறந்து வந்தது இல்ல. போன வாரம் என் மகன் சாப்பிட்டுக்கிட்டே, "அம்மா, உனக்குப் பொழுது போகலைன்னா எங்க மியூசியம் பத்திரிகைக்கு ஏதாவது எழுதேன். திமிங்கிலத்தையும் நம்பட்டையும் ஒப்பிட்டு, சின்னதா, ஜாலியா"ன்னான். (நம்பட் யாருன்னு அடுத்த பகுதியில சொல்றேன்.) எனக்குப் பொழுது போகலைன்னு இவனுக்கு யார் சொன்னது? இவன் சாப்பிட்ட தட்டை எடுக்கறதுலயே எனக்குப் பாதிப் பொழுது போயிடுது. அவன் "ஜாலியா"ன்னு சொன்னப்ப எதிர்ல என் மருமகள் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தா. குடிச்சு முடிச்சுத் தம்ளரை மேசையில வெச்சா பாருங்க, ஒரு சத்தம். இந்தக் கதை அந்தச் சத்தத்துலதான் பிறந்தது.

பேரன் பேத்தி எல்லாம் எனக்கு மகள் வழியில, வேற ஊர்ல. இங்க இவங்க ரெண்டு பேருக்கும் பிள்ளைன்னு பார்த்தா ஒரு திமிங்கிலமும் ஒரு நம்பட்டும்தான்.

இன்னொண்ணு. உங்ககிட்டப் பேசறப்ப இப்படித்தான் பேசுவேன். கதைன்னு வந்தா மட்டும் அச்சுத் தமிழ். வெளிய கிளம்பறப்ப செருப்பு மாட்டற மாதிரி. வீட்டுக்குள்ள வந்ததும் கழட்டிப் போட்டுடுவேன்.

2

முதல் தொடக்கம்:

கடலின் ஆழத்தில், மனிதக் கண்கள் படாத நீல அமைதியில், ஒரு தாய்த் திமிங்கிலம் தன் கன்றை—

வேண்டாம். நான் கடலுக்குப் போனதே கொஞ்சம். போனப்பவும் எல்லாரும் தண்ணியில ஆட, நான் கரையில உக்காந்து அவங்க பையைக் காவல் காத்தேன். ஆழத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

இரண்டாவது:

இயற்கை அன்னை இரு பாலூட்டிகளைப் படைத்தாள். ஒன்று மிகப் பெரியது. மற்றொன்றோ—

இந்த 'மற்றொன்றோ' வந்துட்டாலே அது பரிசு வாங்கற பள்ளிக்கூடக் கட்டுரை. தூக்கிப் போடு.

மூன்றாவது:

ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு கணவனும் மனைவியும் வேலை பார்த்தார்கள். கணவன் திமிங்கிலப் பிரிவு. மனைவி பைப்பிராணிப் பிரிவு.* இரண்டில் ஒன்றை மூடப் போகிறார்கள்.

இதை வெச்சுக்கலாம். அழகு இல்ல. ஆனா பொய்யும் இல்ல.

(* பைப்பிராணின்னா கங்காரு வகையறா. குட்டி அவசரப்பட்டுப் பயறு அளவுல பிறந்துடும், மிச்ச வளர்ச்சி அம்மா வயித்துப் பையில. நம்பட் இந்தக் கூட்டம். அணிலை விடக் கொஞ்சம் பெரிசு, முதுகுல வெள்ளைப் பட்டை, பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி ஒரு வால். கறையான்தான் சாப்பாடு, ஒரு நாளைக்கு இருபதாயிரம் வரைக்கும். யார் எண்ணினாங்கன்னு கேட்டேன், மருமகள் முறைச்சா. பகல்ல வேலை, ராத்திரி தூக்கம். எங்க வீட்டுல யாருக்கும் இல்லாத ஒழுக்கம். நீலத் திமிங்கிலத்துக்கு அடிக்குறிப்பு தேவையில்ல. அதைத் தெரியாத ஆள் கிடையாது, அதான் பிரச்சினையே. அதோட நாக்கு மட்டும் ஒரு யானை எடை இருக்குமாம். அந்த ஒரு விஷயத்துல எனக்கு அது மேல தனி மரியாதை. ரெண்டும் பால் கொடுக்குது, ரெண்டும் அழிஞ்சுக்கிட்டு இருக்கு. ஒத்துமை அதோட முடிஞ்சுது.)

3

அருங்காட்சியகத்தின் இயக்குநர் வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றாதவர். ஆகவே இந்தக் கதையில் அவர் பெயர் கோட்டு. ஒரு திங்கட்கிழமை கோட்டு எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். கெட்ட செய்தி சொல்ல வருகிறவர்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள்.

"இடம் பத்தல. ஆள் சம்பளமும் கட்டுப்படியாகல. அதனால பிரிவுகளைக் கொஞ்சம் இணைக்கலாம்னு இருக்கோம்."

"மூடப் போறீங்களா சார்?" என்று கேட்டாள் மருமகள்.

"மூடறதுன்னு யாரும்மா சொன்னா? இணைக்கிறோம்."

"எதை எதோட?"

கோட்டு அதற்கும் ஏற்பாடு வைத்திருந்தார். திமிங்கிலத்தையும் நம்பட்டையும் ஒப்பிட்டு ஒரு கண்காட்சி. டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு நீல டோக்கன். வாசலருகே இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். எந்தப் பிராணியைக் காப்பாற்ற வேண்டுமோ அதன் பெட்டியில் டோக்கனைப் போட வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை மாலை எண்ணிக்கை.

"குறைவா விழுந்த பிரிவை, அதிகமா விழுந்ததோட இணைச்சிடுவோம்."

"அந்தக் குறைவான பிரிவுல இருக்கறவங்க?"

"உங்களை மாதிரி திறமைசாலிங்களுக்கு வாய்ப்புக்கு என்னம்மா குறை? நிறைய இருக்கு." பாட்டிலை மறுபடி திறந்தார். "வெளியில."

கண்காட்சிக்கு இரண்டு மாதிரி உருவங்கள் தேவைப்பட்டன. பட்டறைக்கு ஆர்டர் எழுதியவன் மகன். அவன் விஞ்ஞானி. விஞ்ஞானம் என்றால் நியாயம். எனவே இரண்டும் ஒரே அளவுவிகிதத்தில், உண்மை உருவத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்று எழுதி அடிக்கோடும் போட்டான். திமிங்கிலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு மீட்டர் வந்தது. திருப்தியாக இருந்தது. நம்பட்டுக்கு அவன் கணக்கே போடவில்லை. திமிங்கிலத்தையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனால் மட்டுமே இந்தத் தவற்றைச் செய்ய முடியும்.

மாதிரி செய்பவர் திமிங்கிலத்தைத் தோளில் தூக்கிவந்து மேசைமேல் இறக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் ஏதோ ஒன்று.

"என்னங்க இது? மிச்சம் எங்க?" என்றான் மகன்.

"மிச்சமா? முழுசாத்தான் இருக்கு சார்."

"ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கு!"

"வால் தனி சார். வாலோட சேர்த்துப் பார்த்தா ஒண்ணே முக்கால் வரும்."

"யார் இப்படிப் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான் சார். அடிக்கோடெல்லாம் போட்டிருந்தீங்க. கோடு போட்டதை மீறக் கூடாதுன்னு நானும் லென்ஸ் மாட்டிக்கிட்டுப் பண்ணினேன். கண்ணு போச்சு சார்."

மருமகள் லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தாள். பட்டைகள் எல்லாம் இருந்தன. கண்ணருகே ஓடும் கறுப்புக் கோடுகூட இருந்தது. அவள்

"உடனே பெரிசா ஒண்ணு செய்யச் சொல்றேன்," என்றான் மகன்.

"வேண்டாம். நீங்க எழுதினதுதானே? அப்படியே இருக்கட்டும்."

அவனை அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீங்க' வந்தால் மழைக்கு முன் வரும் காற்று. அவன் அதைக் கவனிக்கவில்லை. திமிங்கிலத்தின் துடுப்பு சற்று வளைந்திருப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

4

மேல ஒரு வாக்கியம் பாதியில அறுந்து கிடக்குது, பார்த்தீங்களா? "அவள்"னு. அங்க "அவள் கண்கள் கலங்கின"ன்னு எழுதியிருந்தேன். மருமகள் படிச்சிட்டு வந்து நின்னா.

"அத்தை, நான் எப்ப அழுதேன்?"

"தீப்பெட்டியைத் திறந்தப்ப."

"நீங்க அங்கயே இல்ல."

"நீ ஒரு தடவை சொன்னே, அவன் ஒரு தடவை சொன்னான். ரெண்டையும் சேர்த்துத் தைச்சேன்."

"தைக்கறப்ப என் கண்ணுல குத்திட்டீங்க. எடுங்க அதை."

எடுத்துட்டேன். அந்த இடத்துல வேற என்ன போடறதுன்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன். அவ போகாம நின்னா.

"இன்னொண்ணு அத்தை. என்னை நல்லவளாக் காட்டாதீங்க. உண்மைதான் இருக்கணும்னு நினைச்சு நான் அதை மாத்த வேண்டாம்னு சொல்லல. அவன் பண்ணின தப்பைக் கண்ணாடிக்குள்ள வெச்சு ஊருக்கே காட்டணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"அதனால உனக்குத்தானே டோக்கன் விழாது?"

"விழலைன்னா விழல. அந்த நாட்டுல இருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"எந்த நாட்டுல இருந்து?"

"நம்பட் நிஜமா வாழற நாடு. அங்க இனப்பெருக்க மையம் ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

கதாசிரியர்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு சொல்வாங்க. எனக்கு இது தெரியாது. என் கதையில, என் வீட்டுல.

"அவனுக்குத் தெரியுமா?"

"போன வாரம் சாப்பிடறப்ப சொன்னேனே. நீங்க தண்ணி எடுக்க உள்ள போயிருந்தீங்க."

"என்ன சொன்னான்?"

"'உம்'னான்."

"உம்முன்னா?"

"உம்முன்னா உம். ஏதோ தாடை எலும்பு பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் நீங்க தண்ணியோட வந்தீங்க. உங்களைக் கதை எழுதச் சொன்னான்."

ஆக, முதல் பகுதியில நான் எழுதினது தப்பு. அந்தத் தம்ளர் சத்தம் 'ஜாலியா'வுக்கு இல்ல. அதைப் போய்த் திருத்தப் போறதில்ல. நான் எவ்வளவு கெட்டிக்காரின்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும்.

மகனும் படிச்சான். ரெண்டாம் பகுதி வரைக்கும். அவனுக்கு ஒரே ஒரு குறை.

"'நீல அமைதி'ன்னு எழுதியிருக்கே. கடல்ல ஏதும்மா அமைதி? நீலத் திமிங்கிலம் குரல் கொடுத்தா பல நூறு கிலோமீட்டர் தாண்டி இன்னொண்ணுக்குக் கேட்கும்."

"அப்படியா? வீட்டுக்குள்ள ஒண்ணும் கேட்கலையேடா."

"வீட்டுக்குள்ள எப்படிம்மா கேட்கும்?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். மக்குன்னு திட்டலாம்னா முனைவர் பட்டம் வாங்கியிருக்கான்.

6

(அஞ்சாம் பகுதி என் வீட்டுக்காரரைப் பத்தி இருந்தது. கதைக்குச் சம்பந்தம் இல்லைன்னு எடுத்துட்டேன். உயிரோட இருந்தப்பவே அவருக்கு அது பழக்கம்தான்.)

ஒரு கிழவி டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்காட்சிக்குள் நுழைந்தாள். (நான்தான். ஊழியரோட அம்மான்னு சொன்னா சும்மா விடுவாங்க. ஆனா டோக்கன் கிடைக்காது.) கூடத்தின் நடுவே திமிங்கிலம் கம்பியில் தொங்கியது. கீழே நின்று எல்லாரும் படம் எடுத்தார்கள். மகன் விளக்கிக்கொண்டிருந்தான்.

"கன்றுக்குப் பால் கொடுக்கற மாசங்கள்ல தாய்த் திமிங்கிலம் பெரும்பாலும் எதுவும் சாப்பிடாது. தன் உடம்புல இருக்கற கொழுப்பைக் கரைச்சுத்தான் பால் கொடுக்கும்."

"அச்சச்சோ," என்றது கூட்டம். டோக்கன்கள் விழுந்தன.

மூலையில் ஒரு சிறிய மேசை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, சங்கிலியில் ஒரு லென்ஸ். ஒருவர் காலி காபிக் கோப்பையைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்த தம்பதி நின்று பார்த்தார்கள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே?"

"இருந்திருக்கும். யாராவது அடிச்சிட்டுப் போயிருப்பாங்க."

மருமகள் கோப்பையை எடுத்துக் குப்பையில் போட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்காரவும் இல்லை. டோக்கன் பெட்டிகளில் ஒன்று கழுத்துவரை நீலமாக இருந்தது. மற்றதில் அடி மட்டும் மூடியிருந்தது.

கிழவி லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தாள். நெடுநேரம் தேடினாள்.

"பை எங்கம்மா இருக்கு? அதைக் காட்டு."

"இதுக்குப் பை கிடையாது அத்தை."

"பைப்பிராணின்னு சொன்னியே?"

"அது குடும்பப் பேரு. இதுக்கு மட்டும் சரியான பை கிடையாது. நாலு காம்பு, நாலு குட்டி. வாயால கவ்விக்கிட்டு முடிக்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கும். அம்மா பாட்டுக்கு அலைஞ்சு கறையான் தேடும்."

"விழுந்துட்டா? அம்மா பிடிச்சுக்க மாட்டாளா?"

"எதை வெச்சுப் பிடிக்கறது? வேணும்னா அதுங்கதான் பிடிச்சுக்கணும்."

இதைச் சொல்லும்போது அவள் நம்பட்டைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவே, திமிங்கிலத்துக்குக் கீழே, கைகளை விரித்து எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடி மருமகள் தன் பையைத் திறந்தாள். (துடைச்சது தூசியால. அழல. இதையும் அவ படிப்பா.) பைக்குள் நீல டோக்கன்கள் குலுங்கின. ஊழியர்களுக்கும் தினம் ஒன்று உண்டு.

"ஒண்ணுகூடப் போடலையா நீ? உன் பெட்டி காஞ்சு கிடக்குதே!"

"ஒண்ணுல போட்டா இன்னொண்ணைச் சாகச் சொன்ன மாதிரி அத்தை. என்னால முடியல."

"அவன் போடறானா?"

"தெரியாது. கேட்கல."

7

இப்ப முடிவு. கைவசம் மூணு இருக்கு.

ஒண்ணு: ஒரு சின்னக் குழந்தை லென்ஸ்ல பார்த்துட்டு ஆச்சரியத்துல கத்துது, கூட்டம் ஓடி வருது, வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, நம்பட் ஜெயிக்குது. பின்னணியில புல்லாங்குழல். நான் இருந்தப்பவே ஒரு குழந்தை பார்த்துச்சு. "அம்மா, இதுக்குள்ள பூச்சி"ன்னு சொல்லிட்டு ஓடிப் போச்சு.

ரெண்டு: வெள்ளிக்கிழமை எண்ணறப்ப, மகன் தன் டோக்கன் அத்தனையும் நம்பட் பெட்டியில போட்டது தெரிய வருது. மருமகள் வாயைப் பொத்திக்கறா. நீங்களும் கைக்குட்டையை எடுக்கறீங்க. எழுதிடலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அவன் என் வயித்துல பிறந்தவன். எனக்குத் தெரியும்.

மூணு: திமிங்கிலம் ஜெயிக்குது. மருமகள் பெட்டி கட்டறா. மகன் டாக்ஸி வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய், "போனதும் மெசேஜ் போடு"ன்னு சொல்றான். அப்புறம் இந்த வீட்டுல நான், அவன், தாடை எலும்பு. நடக்கப் போறது இதுதான்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் இதை எழுத எனக்குக் கை வரல. மருமகளுக்காக மட்டும் இல்ல. இந்த வீட்டுல நான் பேசறப்ப நிமிர்ந்து பார்க்கற ஒரே ஆள் அவதான்.

8

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. காலையில மகன் சாப்பிட வந்தான். தட்டு வைக்கிற இடத்துல நான் தட்டு வைக்கல. இந்தக் கதையை வெச்சேன், நாலாம் பகுதியைத் திறந்து.

"என்னம்மா இது? நேரமாச்சு."

"பத்தி பிரிச்சது சரியா இருக்கான்னு பாரு."

அவன் நின்னுக்கிட்டே படிச்சான். நாலு, ஆறு, ஏழு. உக்காந்தான். மறுபடி நாலுக்குப் போனான். வழக்கமா எதைப் படிச்சாலும் ஒரு தப்புக் கண்டுபிடிப்பான். இன்னிக்குக் கண்டுபிடிக்கல.

"நான் 'உம்'னா சொன்னேன்?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"நீயா கற்பனை பண்ணினதா?"

"கதைதானேடா. எது நிஜம், எது கற்பனைன்னு அவகிட்டப் போய்க் கேளு."

அவன் எழுந்தான். இந்த இடத்துல அச்சுத் தமிழுக்கு மாறலாம்னு நினைச்சேன். செருப்பு கிடைக்கல. அப்படியே சொல்றேன். அவ சமையலறையில தண்ணி பாட்டில் நிரப்பிக்கிட்டு இருந்தா. ரெண்டு பாட்டில், அவனோடதும் சேர்த்து. அவன் வாசல்படியில நின்னான்.

"ஏய்."

"ம்?"

"நம்பட்டுக்குப் பை இல்லைன்னு கல்யாணம் ஆன புதுசுலயே நீ எனக்குச் சொல்லியிருக்கே."

"சொன்னேன்."

"மறந்துட்டேன்."

"தெரியும்."

குழாய் ஓடிக்கிட்டே இருந்துது. பாட்டில் நிரம்பி வழியற சத்தம். அவ அதை நிறுத்தல.

"அந்த மெயிலுக்குப் பதில் போட்டுட்டீங்களா?"ன்னு கேட்டான். அவன்தான் கேட்டான். 'நீங்க'ன்னு. பயந்து போய் வாயில வந்துடுச்சு போல.

குழாய் நின்னுச்சு.

"இன்னும் இல்ல."

"போடறதுக்கு முன்னாடி நான்—"

இங்கதான் நான் ஒரு காரியம் பண்ணினேன். என்னைத் தெரிஞ்சவங்க யாரும் நம்ப மாட்டாங்க. அவன் உள்ள காலெடுத்து வெச்சதும், எழுந்து போய் அந்தச் சமையலறைக் கதவைச் சாத்திட்டு வந்தேன்.

அதனால முடிவு எனக்குத் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. இவ்வளவு நேரமா வெளிய வரல. அவன் பஸ் போயாச்சு, அவ பஸ்ஸும் போயாச்சு. சாயங்காலம் டோக்கன் எண்ணறப்ப எந்தப் பெட்டி ஜெயிக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது இனிமே இந்தக் கதையோட முடிவு இல்ல. என் டோக்கனை எதுல போட்டேன்னு கேட்காதீங்க. இந்த மேசை ஆடிக்கிட்டே இருந்துது. அதோட காலுக்கு அடியில முட்டுக் குடுத்திருக்கேன், இப்ப ஆடல.

நான் சும்மா இருந்து பழக்கம் இல்லாதவ. கதவு திறக்கற வரைக்கும் ஏதாவது படிக்கணும். எழுதுங்க. கட்டுரை வேண்டாம், திமிங்கிலமும் வேண்டாம். உங்க வீட்டுல யாராவது இப்படி வாசல்படியில நின்னு "நான்"னு ஆரம்பிச்சிருப்பாங்க இல்லையா? இல்ல, நீங்களே நின்னிருப்பீங்க. அதுக்கு அடுத்த வார்த்தை என்னவா இருந்துது? சொன்னீங்களா, முழுங்கிட்டீங்களா? பிடிச்சுக்கிட்டது யாரு? நடந்தது நடந்தபடியே எழுதி அனுப்புங்க. பத்தி பிரிக்காட்டியும் பரவாயில்ல.